வென்று வந்தும் கண்ணீர் விட்ட தளபதி

போரில் வென்று திரும்பும் தளபதி மாலையை எதிர்பார்ப்பார். பதவி உயர்வை எதிர்பார்ப்பார்.

1906-ம் ஆண்டு ஜனவரியில் டோக்கியோ திரும்பிய ஜப்பான் தளபதி ஒருவரோ, சக்கரவர்த்தி மெய்ஜி முன் நின்று போர் அறிக்கையைப் படிக்கும்போது கண்ணீர் விட்டார். "இத்தனை வீரர்களைப் பலி கொடுத்த நான் உயிரோடு இருக்கலாமா? சாக அனுமதி தாருங்கள்" என்று அவர் கெஞ்சியதாகச் சொல்வார்கள். "நான் இருக்கும் வரை அது கூடாது" என்று சக்கரவர்த்தி தடுத்து விட்டாராம்.

அந்தத் தளபதியின் பெயர் நோகி மரேசுகே.

பறிபோன கொடி

நோகி 1849-ல் சாமுராய் என்னும் போர்வீரர் குலத்தில் பிறந்தவர். 1877-ல் ஜப்பானின் தென்பகுதியில் சத்சுமா வீரர்கள் அரசை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார்கள். அதை அடக்கச் சென்ற 14-வது காலாட்படைக்கு நோகி தலைவர். சண்டையில் கொடி தூக்கிய அதிகாரி இறந்தார். சக்கரவர்த்தி அளித்த கொடி எதிரியின் கையில் சிக்கியது.

நோகி அவமானத்தால் உயிரை விடத் துணிந்தார். நண்பர்கள் தடுத்தார்கள். மேலிடம் மன்னித்தது. அவர் மட்டும் தம்மை மன்னிக்கவே இல்லை.

அன்று ஒரே நாள்

1894-ல் சீனாவுடன் போர் மூண்டது. மஞ்சூரியாவின் தென்முனையில் உள்ள போர்ட் ஆர்தர் துறைமுகத்தை ஜப்பானியப் படை ஒரே நாளில் பிடித்தது. அதில் நோகியும் ஒரு படைப்பிரிவின் தலைவர்.

ஆனால் ரஷியா, பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் சேர்ந்து மிரட்டவே, ஜப்பான் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்தது. 1898-ல் அதே துறைமுகத்தை ரஷியா குத்தகைக்கு எடுத்துக் கொண்டது! சுற்றிலும் உள்ள குன்றுகளில் கான்கிரீட் கோட்டைகளைக் கட்டியது. முள்கம்பி வேலி, எந்திரத் துப்பாக்கி, இரவில் வெளிச்சம் பாய்ச்சும் விளக்கு எல்லாம் வைத்தது.

இன்று ஐந்து மாதம்

1904-ல் ரஷியாவுடன் போர் வந்தது. "முன்பு பிடித்தவர்தானே!" என்று நோகியிடமே அந்த வேலையை ஒப்படைத்தார்கள்.

ஆகஸ்டில் முதல் தாக்குதல். திறந்த வெளியில் ஓடிய வீரர்களை எந்திரத் துப்பாக்கிகள் வாரிச் சாய்த்தன. ஒரு வாரத்துக்குள் 15 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள் அல்லது காயம் அடைந்தார்கள். பிறகு சுரங்கம் தோண்டினார்கள். ஜப்பானில் இருந்து ராட்சதப் பீரங்கிகளைக் கொண்டு வந்தார்கள். டிசம்பர் 5-ந்தேதி "203 மீட்டர் குன்று" விழுந்தது. அங்கிருந்து பார்த்துக் குறி சொல்ல, துறைமுகத்தில் நின்ற ரஷியக் கப்பல்களைப் பீரங்கிகள் மூழ்கடித்தன. 1905 ஜனவரி 2-ந்தேதி கோட்டை சரண் அடைந்தது.

ஜப்பான் தரப்பில் மாண்டவர்களும் காயம் அடைந்தவர்களும் சுமார் 60 ஆயிரம் பேர்!

அவர்களில் தளபதியின் இளைய மகனும் ஒருவன். 203 மீட்டர் குன்றுச் சண்டையில் பலியானான். மூத்த மகன் அதே போரில் மே மாதமே இறந்திருந்தான். அவருக்கு இருந்த பிள்ளைகள் அந்த இருவர்தான்.

எதிரிக்கும் மரியாதை

சரண் அடைந்த ரஷியத் தளபதி ஸ்டெசலை நோகி அவமதிக்கவில்லை. ரஷிய அதிகாரிகளை இடுப்பில் வாளுடனேயே பக்கத்தில் உட்கார வைத்துப் படம் எடுத்துக் கொண்டார். மாண்ட ரஷியர்களுக்கும் நினைவுச் சின்னம் எழுப்பச் செய்தார்.

ஆசிய நாடு ஒன்று ஐரோப்பிய வல்லரசை வென்றது என்ற சேதி இந்தியாவிலும் பரவியது. அந்த வெற்றிச் செய்திகள் தமக்குக் கிளர்ச்சி ஊட்டியதாக நேரு தம் சுயசரிதையில் எழுதி இருக்கிறார்.

ஆனால் நோகிக்கு அந்த மகிழ்ச்சி இல்லை. தம் சொத்தின் பெரும்பகுதியைக் காயம் அடைந்த வீரர்களின் மருத்துவமனைகளுக்கும், மாண்டவர்களின் நினைவுச் சின்னங்களுக்கும் செலவிட்டார். பிரபுக்களின் பள்ளிக்குத் தலைவராகி, பின்னாளில் சக்கரவர்த்தியான ஹிரோஹிட்டோவுக்குக் கல்வி புகட்டினார்.

கடைசி நாள்

1912-ல் மெய்ஜி காலமானார். செப்டம்பர் 13-ந்தேதி இறுதி ஊர்வலம் அரண்மனையில் இருந்து புறப்பட்ட நேரத்தில், நோகியும் மனைவி ஷிசுகோவும் வீட்டில் உயிரை மாய்த்துக் கொண்டார்கள். 35 ஆண்டுகளுக்கு முன் பறிகொடுத்த கொடியைப் பற்றி அவர் உயிலில் எழுதி இருந்தார்.

ஜப்பான் இரண்டுபட்டது. "விசுவாசத்தின் சிகரம்" என்றார்கள் சிலர். "காலத்துக்கு ஒவ்வாத செயல்" என்றார்கள் வேறு சிலர். அவருக்குக் கோவில் கட்டினார்கள். அதே சமயம், "வீரர்களை வீணாகப் பலி கொடுத்தவர்" என்று குறை கூறும் எழுத்தாளர்களும் பிறகு வந்தார்கள். எந்திரத் துப்பாக்கி காக்கும் கோட்டையைப் பிடிக்கும் வழி அன்று உலகில் யாருக்கும் தெரியாது என்பதும் உண்மை. 1914-ல் தொடங்கிய உலகப்போரில் ஐரோப்பியத் தளபதிகளும் அதே தவறைச் செய்து லட்சக்கணக்கானவர்களைப் பலி கொடுத்தார்கள்.

நோகி இறந்ததால் மாண்ட வீரன் ஒருவனும் திரும்பி வரவில்லை. அவர் உயிரோடு இருந்து கொடுத்த பணமோ, கை கால் இழந்தவனுக்கு மருந்தாயிற்று. அவர் பட்ட கடனில் ஒரு பகுதியாவது தீர்ந்தது என்றால், அது அவர் வாழ்ந்த நாளில் தீர்ந்ததுதான்!