டர்போ பழுதா, காரணம் வேறா?

பாயான் லெப்பாஸில் 1972-ஆம் ஆண்டு தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபின், செபராங் பிறையிலிருந்து தொழிற்சாலைப் பேருந்துகளும் வேன்களும் பாலம் கடந்து அங்கே ஆள் ஏற்றிச் செல்லலாயின. இவற்றிலும், தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளிலும் உள்ள டீசல் என்ஜின்கள் பலவற்றில் டர்போ உண்டு. அது கெட்டால் வேன் ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்குப் பெருஞ்செலவு. எனவே பழுதை அறியும் முறையை இன்று பார்ப்போம்.

டர்போவில் ஒரே தண்டின் இரு முனைகளில் இரு சிறு சக்கரங்கள் உள்ளன. என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒன்றைச் சுழற்றுகிறது. மற்றது வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று மிகுந்தால் டீசலைக் கூடுதலாக எரிக்கலாம், வலுவும் கூடும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வேன்களில் உள்ள டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 100,000 முறைக்கு மேலும் சுழலும். அதைத் தேயாமல் காப்பது மெல்லிய எண்ணெய்ப் படலமே.

தெலுக் கும்பாரிலிருந்து பாலிக் பூலாவ் செல்லும் மலைச்சாலையில் வண்டி திணறுகிறதா? புகையைக் கவனியுங்கள். கரும்புகை என்றால் காற்று போதவில்லை. நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. புதிதாக ஊளைச் சத்தம் கேட்டால் காற்றுக்குழாய் கசியலாம், அல்லது சக்கரம் கூட்டில் உரசலாம். புகை வடிகட்டி பொருத்திய புது வண்டிகளில் கரும்புகை கண்ணுக்குத் தெரியாமலும் போகும்.

இவற்றைக் கண்டதுமே டர்போவைக் கழற்றிவிட வேண்டாம். முதலில் காற்று வடிகட்டி அடைத்துள்ளதா எனப் பாருங்கள். அடுத்து, டர்போவுக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய்களில் வெடிப்போ, தளர்ந்த பட்டியோ, எண்ணெய்க் கறையோ உண்டா எனத் தேடுங்கள். சில வெள்ளி பெறும் பட்டி ஒன்று தளர்ந்தாலும் வண்டி வலுவிழக்கும்.

அங்கே குறையில்லையெனில், என்ஜினை நிறுத்தி நன்கு ஆறவிட்டு, காற்று புகும் குழாயைக் கழற்றி, சக்கரத்தை விரலால் மெல்லச் சுழற்றுங்கள். பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. கூட்டில் உரசினாலோ, உள்ளும் வெளியுமாக ஆடினாலோ, இதழ் உடைந்திருந்தாலோ டர்போ பழுதே.

பழுதான டர்போவோடு வண்டி ஓட்டுவது ஆபத்து. எண்ணெய் மிகுதியாகக் கசிந்து என்ஜினுக்குள் போனால், அந்த எண்ணெயையே எரித்து என்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கையால் கியர் மாற்றும் வண்டியானால், ஓரமாக நிறுத்தி, பிரேக்கை அழுத்தியபடியே உயர்ந்த கியரில் போட்டு கிளட்ச்சை விட்டால் அணையும். இயலாவிட்டால் எல்லோரும் இறங்கி விலகி நில்லுங்கள். காற்றுக் குழாயைக் கையால் அடைக்கவே கூடாது.

டர்போ பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. அழுக்கேறிய எண்ணெய், அடைத்த எண்ணெய்க் குழாய், வடிகட்டியைத் தாண்டி நுழைந்த தூசு ஆகியவையே அதைக் கெடுக்கின்றன. காரணத்தைத் தீர்க்காமல் புதியதைப் பொருத்துவது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவது போலாகும். எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுங்கள். மேடேறி வந்தபின் ஓரிரு நிமிடம் என்ஜினை மெதுவாக ஓடவிட்டு நிறுத்துங்கள். பட்டறைக்குப் போனால், பணம் கொடுக்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: "பழைய டர்போ எதனால் கெட்டது?"