எது சரியான மெட்டு?

நம் ஊரில் பாடப்படும் ஒரு தாலாட்டைப் பக்கத்து ஊரில் கேட்டுப் பாருங்கள். அதே பாட்டுத்தான், ஆனால் மெட்டு எங்கோ சற்று வளைந்திருக்கும். இரண்டில் எது சரி? இங்கிலாந்துப் பிடில்காரர்களிடம் வழங்கும் ஒரு மெட்டைக் கொண்டு இதை ஆராய்வோம்.

அதன் பெயர் 'சோல்ஜர்ஸ் ஜாய்'. சிப்பாயின் குதூகலம் என்று பொருள். இயற்றியவர் யார் என்று எவரும் அறியார். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரிட்டனில் அச்சேறிவிட்டது. 1785இல் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் தம் பாடல் ஒன்றை இம்மெட்டில் அமைத்தார். 1874இல் வெளிவந்த தாமஸ் ஹார்டியின் நாவல் ஒன்றில், அறுவடை விருந்தில் இதை வாசிக்கிறார்கள். உள்ளே ஆட்டம், வெளியே புயல் நெருங்குகிறது, தானியப் போர்கள் மூடப்படாமல் கிடக்கின்றன! ஹார்டிக்கு இது வெறும் கேள்வியறிவு அன்று. சிறுவயதில் அவரே கிராம நடனங்களுக்குப் பிடில் வாசித்தவர்.

கடல் தாண்டி அமெரிக்கா சென்ற மெட்டு, அங்கே 'லவ் சம்படி' என்று இன்னொரு பெயரும் பெற்றது. பிடிலின் சுருதியே மாறியது. வழக்கமாக 196 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் தடித்த தந்தியை, மலைநாட்டுக் கலைஞர்கள் சிலர் 220 ஹெர்ட்ஸுக்கு ஏற்றிக் கட்டினார்கள். ஏன் தெரியுமா? பிடிலின் இன்னொரு தந்தி 440 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. 220இன் சரியாக இரு மடங்கு. வில் அந்தத் தந்தியில் படும்போது, தொடாத தடித்த தந்தியும் ஒத்ததிர்ந்து முழங்கும். தம்புராவின் ரீங்காரம் போன்ற இந்தப் பின்னணி இங்கிலாந்து முறையில் அவ்வளவாக இராது. கர்நாடக வயலின் கலைஞர்களும் ஐரோப்பியச் சுருதியை விட்டு ச-ப-ச-ப என்று கட்டிக்கொண்டவர்கள்தாமே!

இவ்வளவு மாறியும் மெட்டை அடையாளம் காண முடிகிறதே, எப்படி? அதன் தொடக்கம் சங்கராபரணத்தின் ப-க-ச என்னும் மூன்று ஸ்வரங்களில் துள்ளுகிறது. தாளத்தின் அழுத்தம் விழும் இடங்களில் இவை நிற்கின்றன. இடையே நிரப்பும் ஸ்வரங்களைத்தான் அவரவர் விரல் விரும்பியபடி மாற்றுகிறார்கள்.

இங்கிலாந்தில் நாட்டுப் பாடல்களைத் திரட்டிய செசில் ஷார்ப், 1907இல் எழுதிய நூலில் தொடர்ச்சி, வேறுபாடு, தேர்வு என மூன்று விதிகளைக் கூறினார். பாடுகிறவர் மாற்றுகிறார், ஊர் தனக்குப் பிடித்ததை வைத்துக்கொள்கிறது. டார்வினின் வாடை வீசுகிறது அல்லவா? அப்படியானால் 'பிழையான' மெட்டு என்று நாம் ஒதுக்குவது, கிளைவிட்ட இன்னோர் இனமாக இருக்கலாம்.

2022இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்கிட்டே பார்த்தது. 10,000க்கும் மேற்பட்ட ஆங்கில, ஜப்பானிய நாட்டுப் பாடல் மெட்டுகளை, மரபணு எழுத்துகளை ஒப்பிடுவதுபோல் கணினியில் ஒப்பிட்டார்கள். முக்கியமான இடத்து ஸ்வரங்கள் குறைவாகவே மாறியிருந்தன. மாறியவையும் பெரும்பாலும் அடுத்திருந்த ஸ்வரத்துக்கே நகர்ந்திருந்தன.

நீங்களும் சோதிக்கலாம். வகுப்பில் பத்துப் பேரை வரிசையாக நிறுத்துங்கள். யாரும் அறியாத ஒரு மெட்டை முதல் மாணவர் இரண்டாமவர் காதில் முனகட்டும், அவர் மூன்றாமவரிடம். முதலாமவரும் பத்தாமவரும் முனகியதைப் பதிவு செய்து, தாளம் போட்டபடி கேளுங்கள். விழுந்துபோன ஸ்வரங்கள் தட்டு விழும் இடத்தில் இருந்தனவா, இடைவெளியில் இருந்தனவா என்று குறித்துக்கொள்ளுங்கள்.