துரைமார் விட்டுச் சென்ற செடி

நீலகிரி ஜில்லாவில் முதுமலைக் காட்டின் வழியே மோட்டாரில் செல்வோர், மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துக் குலுங்கும் புதர்களைக் கண்டு மகிழ்வதுண்டு. அது நம் ஜனங்கள் உண்ணிச்செடி என்று சொல்லும் லாண்டனா. அதன் சரித்திரத்தை அறிந்தால் அந்த மகிழ்ச்சி நிலைக்காது.

அமெரிக்காவின் உஷ்ணப் பிரதேசங்களுக்குரிய இச்செடி, 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கம்பெனியார் காலத்தில், அலங்காரத்துக்காகக் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. 1947-ல் துரைமார் மூட்டை கட்டினார்கள், செடியோ போவதாயில்லை! நம் தேசத்தில் புலிகள் வாழும் நிலப்பரப்பில் சுமார் 40 சதவிகிதத்துக்கு இதனால் ஆபத்து என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது.

ஒரு பூஞ்செடியால் புலிக்கு என்ன ஆபத்து என்று கேட்கலாம். இப்புதர் அடர்ந்த இடத்தில் புல் முளைப்பது அரிது. புல் இல்லையேல் மானும் காட்டெருமையும் இல்லை. அவை இல்லாத காட்டில் புலி எதைத் தின்னும்? இலை கால்நடைகளுக்கு நஞ்சு. கனியோ பறவைகளுக்கு விருந்து. அவை உண்டு, பறந்து, விதைத்துவிடுகின்றன. சீதோஷ்ணம் மாறி வேனிலின் கடுமை மிகுந்துவரும் இக்காலத்தில், காய்ந்த புதர் காட்டுத்தீக்கு நல்ல விறகாகிறது. தீயில் மரக்கன்றுகள் மாள்கின்றன. உண்ணிச்செடியோ வேரிலிருந்து மறுபடி துளிர்க்கிறது.

வெட்டினால் தீராதா? அடியோடு வெட்டினால் ஒன்றுக்குப் பலவாகத் தழைக்கும். மண்ணுக்குச் சிறிது கீழே ஆணிவேரை அறுத்து, வேர் மறுபடி மண்ணில் படாதபடி செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பதே வழி. மழை பெய்து மண் இளகியிருந்தால் வேலை சுலபம்.

பிடுங்கிய தண்டும் வீணன்று. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் முதலிய ஆதிவாசிகள் அதைக் கொண்டு முழு உருவ யானைகளைச் செய்கிறார்கள். அவை 2021-ல் லண்டன் பூங்காக்களில் அணிவகுத்து நின்றன. கம்பெனியாருக்கு நாம் செலுத்திய வட்டி போலும்!

ஆயினும், யானை செய்வதால் மட்டும் காடு மீளாது. வெறுமையாக விட்ட நிலத்தை வேறொரு அந்நியச் செடி பிடித்துக்கொள்ளும். முதுமலையில் இப்போது பெருகியிருக்கும் அமெரிக்க மஞ்சள் கொன்றையும் அழகுக்காக வந்ததுதான். ஆகையால் நாட்டுப் புல்லை விதைக்க வேண்டும். பறவைகள் அமரும் மரங்களின் அடியில் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் புது முளைகளைக் களைய வேண்டும். எது புல், எது களை என்பதை முளையிலேயே அறியும் கண் காட்டில் வளர்ந்தவர்களுக்கு உண்டு. வெட்டுக்கூலியோடு சர்க்கார் நின்றுவிடாமல், மூன்றாம் வருஷத்துக் களைக்கூலியையும் அவர்களுக்கென்று இன்றே ஒதுக்கிவைக்க வேண்டும்.