மச்சான், இந்த ஐ.டி. எனக்கு செட் ஆகுமா?

முதல் வருஷ ரிசல்ட் வர்ற வாரம் பாளை பஸ் ஸ்டாண்ட் பக்கம் எந்த டீக்கடையில நின்னாலும் இந்த டயலாக் காதுல விழும். ‘‘எலேய், எனக்கு இந்த ஐ.டி. செட் ஆகாதுலே. பேசாம டிஸ்கன்டினியூ பண்ணிட்டு வேற ஏதாவது சேரப் போறேன்.’’ பக்கத்துல நிக்கிற நண்பன் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிட்டு, ‘‘உங்க அப்பாட்ட சொல்லிட்டியா?’’னு கேப்பான். அதோட பேச்சு நின்னுடும்.

சிரிக்கிற விஷயம் இல்லை ஃப்ரெண்ட்ஸ். நம்ம ஊர்ல ஒரு இன்ஜினீயரிங் சீட்டுக்குப் பின்னாடி ஒரு வீடே நிக்குது. பேங்க் லோன், அம்மாவோட வளையல், வயக்காட்டு வருமானம், வளைகுடாவுல இருக்கிற மாமா அனுப்பின பணம்னு என்னென்னவோ சேர்ந்து வாங்கின சீட் அது. அதை விடறதா, புடிச்சுட்டு நிக்கிறதான்னு 18 வயசுல முடிவெடுக்கச் சொன்னா தலை சுத்தத்தான் செய்யும்.

போன வருஷத்துல இருந்து இந்தப் புலம்பல் கொஞ்சம் ஜாஸ்தி. காரணம் தெரிஞ்சதுதான். 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்துச்சு. புரோகிராம் எழுதச் சொன்னா எழுதிக் கொடுக்குது. 2025 ஜூலையில டி.சி.எஸ். கம்பெனி சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போறதா அறிவிச்சது. அந்தச் செய்தி டி.வி.யில ஓடின ராத்திரி எத்தனை வீட்ல ‘‘இதுக்கா இவ்வளவு ஃபீஸ் கட்டினோம்?’’னு பேச்சு வந்திருக்கும்! இத்தனைக்கும் அந்தக் குறைப்பு பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில இருக்கிறவங்களுக்குன்னு கம்பெனியே சொல்லிடுச்சு. ஆனா நம்ம காதுல ‘ஐ.டி. காலி’னு மட்டும்தான் விழுந்தது.

இந்த ‘காலி’ங்கற வார்த்தை ஒண்ணும் புதுசு இல்லை. 2000-ல அமெரிக்காவுல வெடிச்ச டாட்காம் குமிழியோட அடி 2001-லயும் தொடர்ந்தப்ப இதையேதான் சொன்னாங்க. ‘இனிமே கம்ப்யூட்டர் வேண்டாம்’னு நிறைய வீடுகள்ல புள்ளைங்களை வேற பிராஞ்சுக்குத் திருப்பி விட்டாங்க. அதையும் மீறி அந்த வருஷம் ஐ.டி. சேர்ந்தவங்க எப்ப வெளிய வந்தாங்க? 2005-ல. கம்பெனிங்க கேம்பஸ்ல வந்து கூட்டம் கூட்டமா அள்ளிட்டுப் போன நேரம் அது! அதைப் பார்த்து ஆசைப்பட்டு 2005-ல சேர்ந்த தம்பிங்க 2009-ல வெளிய வந்தாங்க. அதுக்கு முந்தின செப்டம்பர்ல லேமன் பிரதர்ஸ் கவுந்திருந்தது. ஆஃபர் லெட்டர் கையில இருந்தும் ஜாயினிங் தேதி வராம மாசக் கணக்குல வீட்ல உக்காந்திருந்தாங்க.

அடுத்த ரவுண்டு நம்ம கண் முன்னாடியே நடந்தது. 2021-22 நிதியாண்டுல டி.சி.எஸ். மட்டுமே ஒரு லட்சத்துக்கும் மேல புதுப் பசங்களை எடுத்தது. அதைப் பார்த்து சேர்ந்தவங்க வெளிய வந்தது 2025-ல. மேல சொன்ன 12,000 பேர் செய்தி வந்த அதே வருஷம்!

கணக்கு புரியுதா பாஸ்? டிகிரி 4 வருஷம். இன்னிக்கு மார்க்கெட்டைப் பார்த்து உள்ள போறவங்க 4 வருஷம் கழிச்சு இருக்கிற மார்க்கெட்டுக்குத்தான் வெளிய வர்றாங்க. பேப்பர்ல வர்ற லே-ஆஃப் செய்தியைப் பார்த்து டிபார்ட்மென்ட் மாறணும்னு தோணினா, அந்தக் காரணத்தைத் தூக்கி ஓரமா வைங்க. 2029-ல எது ஓடும்னு யாராவது சத்தியம் பண்ணிச் சொன்னா அவர்கிட்ட ஜாதகத்தையும் காட்டிடலாம்!

பிடிக்காதது எது?

சரி, மார்க்கெட் போகட்டும். ‘எனக்குப் பிடிக்கலை’ங்கறதுதான் நிஜமான கேஸ். அதுல ஒரு சின்ன குறுக்கு விசாரணை.

அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 ரெகுலேஷன்ல முதல் செமஸ்டர் சிலபஸை எடுத்துப் பாருங்க. மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், இன்ஜினீயரிங் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, இங்கிலீஷ், பைதான், கூடவே தமிழர் மரபு. இதை ஐ.டி.காரன் மட்டும் படிக்கலை. சிவில்காரனும் அதே பைதானைத்தான் படிக்கிறான். மெக்கானிக்கல்காரனும் அதே கால்குலஸ்லதான் அரியர் வைக்கிறான். ஐ.டி.யோட உண்மையான சரக்கெல்லாம், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம் எல்லாம், செகண்ட் இயர்லதான் வருது. முதல் வருஷத்தை மட்டும் வச்சு ‘ஐ.டி. பிடிக்கலை’னு சொல்றது, பாபநாசத்துல கால் நனைச்சுட்டு புன்னக்காயல் கடலைப் பத்திப் பேசற மாதிரி.

இன்னொரு விஷயத்தை யாரும் வாய் விட்டுச் சொல்றதில்லை. முக்கூடல், களக்காடு, திசையன்விளைன்னு சுத்துப்பட்டு ஊர்கள்ல தமிழ் மீடியம் படிச்சு வந்த பசங்களுக்கு முதல் 6 மாசம் கிளாஸ்ல பாதி புரியாது. பாடம் கஷ்டம்னு நினைச்சுக்குவாங்க. அங்க கஷ்டம் இங்கிலீஷ்! டிபார்ட்மென்ட் மாறினா அந்தக் கஷ்டமும் பையில ஏறி கூடவே வரும். ஹாஸ்டல் பிடிக்கலை, ரூம் மேட் சரியில்லை, ஒரு வாத்தியார் கிளாஸ்ல வச்சு அவமானப்படுத்திட்டார்... இதெல்லாமும் அப்படித்தான். வலி நிஜம். அதுக்கான மருந்து டி.சி. கிடையாது.

ஒரு வழி இருக்கு, காசு செலவில்லாதது. செமஸ்டர் லீவுல பரீட்சைக்குச் சம்பந்தமே இல்லாம ஒரு சின்ன புரோகிராம் எழுதிப் பாருங்க. அப்பா கடை வச்சிருந்தா அந்தக் கடன் நோட்டைக் கணக்குப் போடற புரோகிராம். இல்லைன்னா உங்க ஊருக்கு வர்ற மினி பஸ்ஸோட டைம் சொல்றது. ரெண்டு வாரம் போதும். எர்ரர் வந்தா ‘ச்சே’னு எரிச்சலோட மூடி வைக்கிறீங்களா, இல்லை சாப்பாட்டை மறந்து நோண்டறீங்களான்னு உங்களுக்கே தெரிஞ்சுடும். ஏ.ஐ.கிட்ட கேட்டு வாங்கக் கூடாது. வாங்கினா அது எழுதினதை நீங்க காப்பியடிச்சதா அர்த்தம். கிளாஸ்லதான் அதைத் தினமும் பண்றோமே!

அதே மாதிரி, மாறணும்னு நினைக்கிற பக்கத்தையும் ருசி பாருங்க. வக்கீல் ஆசையா? கோர்ட்ல விசாரணை பொதுமக்கள் பார்க்கத்தான் நடக்குது. ஒரு நாள் போய் உக்காருங்க. பாதி நேரம் வாய்தாதான்! அதையும் தாங்கிட்டு மறுநாள் போகத் தோணினா உங்க ஆசையில சரக்கு இருக்கு. காடு, பறவைன்னு மனசு போகுதா? 2011-ல இருந்து ஜனவரி வாக்குல தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது. மணிமுத்தாறுல இருக்கிற அகத்தியமலை மக்கள் சார் இயற்கைவள காப்பு மையத்துக்காரங்க நடத்தறாங்க. காலேஜ் பசங்களும் தன்னார்வலர்களா குளம் குளமாப் போறாங்க. விடியற்காலையில பைனாகுலரோட சேத்துல நின்னு கூழைக்கடா எண்றது இன்ஸ்டாகிராம் ரீல் மாதிரி இருக்காது. அதைத் தெரிஞ்சுக்கிறதுக்குத்தான் போறது.

மாறினவங்க எப்ப மாறினாங்க?

அப்துல் கலாம் கதை எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்த இடம் அதிகம் கவனிக்கப்படாதது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில அவர் படிச்சது பி.எஸ்சி. பிசிக்ஸ். அது தன்னோட சப்ஜெக்ட் இல்லை, இன்ஜினீயரிங்தான் வேணும்னு அவருக்குப் புரிஞ்சபோது அந்தப் படிப்பு முடிஞ்சே போச்சு. அப்புறம் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில சேர்ந்தார். ஃபீஸுக்கு அக்கா ஜோஹரா தன்னோட தங்க வளையலையும் செயினையும் அடகு வச்சாங்க. அந்தக் காலத்துல எம்.ஐ.டி.யில சேரணும்னா பி.எஸ்சி. முடிச்சிருக்கணும்ங்கறதுதான் இதுல ட்விஸ்ட். ‘வேண்டாத’ பிசிக்ஸ்தான் ஏரோநாட்டிக்கல் கதவுக்குச் சாவி!

சிதம்பரத்துல பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இன்னும் லேட். பிசிக்ஸ்ல பிஹெச்.டி. வரைக்கும் போயிட்டு, ‘எனக்கு பயாலஜிதான்’னு அமெரிக்காவுல மறுபடி மாணவரா போய் உக்காந்தார். 2009-ல கெமிஸ்ட்ரிக்கு நோபல் பரிசு! பிசிக்ஸ், பயாலஜி, கெமிஸ்ட்ரி... மனுஷன் ஒரு டிபார்ட்மென்ட்டையும் விட்டு வைக்கலை.

நம்ம சப்ஜெக்ட்டுக்கே வரணும்னா அஸ்வின். சென்னை எஸ்.எஸ்.என். காலேஜ்ல பி.டெக். ஐ.டி. 2006-ல தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆட ஆரம்பிச்சப்போ அவருக்கு வயசு 20, காலேஜ் ஸ்டூடண்ட். ஆட்டமும் போச்சு, டிகிரியும் முடிஞ்சது. 2024 டிசம்பர்ல இன்டர்நேஷனல் கிரிக்கெட்ல இருந்து ஓய்வு பெறும்போது டெஸ்ட்ல 537 விக்கெட். டி.என்.பி.எல். மேட்ச்சுக்கு நம்ம சங்கர் நகர் கிரவுண்டுக்குப் போன பசங்களுக்கு இவரைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பேட்ஸ்மேனை அவர் அக்குவேறா ஆணிவேறா பிரிக்கிறதைக் கேட்டா, அந்த பி.டெக். எங்கேயும் போகலைன்னுதான் எனக்குத் தோணும்.

மூணு பேருமே கையில இருந்ததை முடிச்சுட்டு மாறினவங்க. ஆனா ஜெயிச்சவங்க கதைதானே பத்திரிகையில வரும்? அதனால இதை அப்படியே சட்டமா எடுத்துக்காதீங்க. (பில் கேட்ஸ் ஹார்வர்டை பாதியில விட்ட கதையை மட்டும் தயவுசெஞ்சு வீட்ல சொல்லாதீங்க. அவர் விடும்போது கையில ஒரு வேலை ஓடிட்டிருந்தது. ‘உன் கையில என்னடா இருக்கு?’னு அப்பா கேட்டா பதில் இருக்காது!)

முடிச்சுட்டு மாற்றதுக்கு நம்ம ஊர்லயே நிறைய வாசல் இருக்கு. 1996-ல ஆரம்பிச்ச திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி, ‘பரியேறும் பெருமாள்’ கதை நடக்குதே, அந்தக் காலேஜ்தான். 3 வருஷ எல்.எல்.பி.க்கு எந்த டிகிரியும் ஓகே. பாளை தூய சவேரியார் கல்லூரியோட நாட்டார் வழக்காற்றியல் பேர் பெற்ற துறை. அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துல குற்றவியல் இருக்கு. சிவில் சர்வீஸ், டி.என்.பி.எஸ்.சி. குரூப்-1, எம்.பி.ஏ. எதுக்குமே ‘என்ன மேஜர்?’னு கேக்க மாட்டாங்க.

படிக்கும்போதே பாதி மாறவும் வழி உண்டு. அண்ணா பல்கலை 2021 ரெகுலேஷன்ல கூடுதலா 18 கிரெடிட் எடுத்தா வேற துறையில மைனர் டிகிரி. ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்கலாம்னு யு.ஜி.சி. 2022-ல அனுமதிச்சது. பகல்ல பி.டெக்., தபால்ல தமிழோ பொருளாதாரமோ. எதிர்த்திசையிலயும் இதே கதைதான். மத்தளம்பாறையில ஜோஹோ நடத்தற பள்ளியில பிளஸ் டூ முடிச்ச பசங்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, சாஃப்ட்வேர் சொல்லித் தர்றாங்க. கோடு எழுத ஐ.டி. டிகிரியே வேணும்னு கட்டாயம் இல்லை.

அப்ப யாருமே விடக் கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். மூணாவது செமஸ்டரும் தாண்டியாச்சு, கோர் பேப்பர் எல்லாத்துலயும் அரியர், லேபுக்குள்ள போனாலே வயித்தைப் பிசையுது, ராத்திரி தூக்கம் இல்லைன்னா அங்க உக்காந்து 4 வருஷத்தை 7 வருஷமா இழுக்கறதுல ஒரு பிரயோஜனமும் இல்லை. அதேபோல சில கதவுகள் பி.டெக். வழியா திறக்கவே திறக்காது. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியோ, கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியோதான் உங்க கனவுன்னா, அதெல்லாம் பிளஸ் டூ மார்க்கை வச்சு சேர்ற படிப்பு. முடிச்சுட்டுப் பார்த்துக்கலாம்னா வயசுதான் ஏறும். போறதுன்னா முதல் வருஷத்துக்குள்ள போயிடறது உத்தமம். கால்நடைக்கு பிளஸ் டூவில பயாலஜி வேணும்ங்கறதையும் மறந்துடாதீங்க.

போறதுக்கு முன்னாடி பேப்பர் வேலை. கோபத்துல டி.சி. ஃபார்ம்ல கையெழுத்துப் போடாதீங்க. யு.ஜி.சி. 2018 அக்டோபர்ல போட்ட உத்தரவுப்படி எந்தக் காலேஜும் உங்க ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைப் பிடிச்சு வச்சுக்கக் கூடாது. அட்மிஷன் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னாடியே விலகினா புராசஸிங் ஃபீஸ் போக மொத்தக் கட்டணமும் திரும்பி வரணும். கடைசித் தேதி தாண்டி 30 நாள் ஆச்சுன்னா பைசா தேறாது. சில வருஷங்கள்ல யு.ஜி.சி. தனியா வேற தேதியும் அறிவிச்சிருக்கு. இன்ஜினீயரிங்னா ஏ.ஐ.சி.டி.இ. விதியையும் சேர்த்துப் பாருங்க. எஜுகேஷன் லோன் எடுத்திருந்தா பேங்க்ல போய் ‘படிப்பு மாறினா இந்த லோன் என்ன ஆகும்?’னு நேரா கேளுங்க. முதல் பட்டதாரி சலுகை, அரசுப் பள்ளி 7.5 சதவிகித ஒதுக்கீடு இதுல வந்தவங்க, அடுத்த வருஷம் அதே சலுகை மறுபடி கிடைக்குமான்னு எழுத்துல வாங்கிட்டு அப்புறம் மூட்டை கட்டுங்க. இந்த ஒரு கேள்வியைக் கேக்காம விட்டா, வீட்டுக்கு ரெட்டைச் செலவா வந்து விடியலாம்.

கடைசியா, டீக்கடையில பேச்சு நின்ன இடம். அப்பாகிட்ட சொல்றது. ‘‘பிடிக்கலை’’ங்கற ஒத்தை வார்த்தையோட போனா, ‘‘எங்களுக்கெல்லாம் பிடிச்சா வேலை பார்த்தோம்?’’னு பதில் ரெடியா இருக்கும். அவர் சொல்றதும் பொய் இல்லையே. ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிட்டுப் போங்க. இதுவரை எவ்வளவு செலவாச்சு, மாறினா இன்னும் எவ்வளவு ஆகும், எத்தனை வருஷம் தள்ளிப்போகும், லீவுல நான் என்ன பண்ணிப் பார்த்தேன், கட்டணத்துல எவ்வளவை நானே பார்ட் டைம்ல சம்பாதிப்பேன். முதல் நாள் கத்துவார். சாப்பாட்டுத் தட்டு நகரும். ரெண்டு நாள் கழிச்சு அம்மா வழியா அந்தத் தாளைக் கேப்பார்.

இன்ஜினீயரிங் கவுன்சலிங் விண்ணப்பம் வழக்கமா மே மாசம் ஆரம்பிக்கும். அந்தப் பேச்சை ஏப்ரலுக்குள்ள முடிச்சுடுங்க.