கால்குலஸ்: எந்தப் புத்தகம், எந்த மென்பொருள்?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் பொறியியல் முதல் பருவத்திலேயே ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ வந்துவிடுகிறது. பலரும் முதலில் தேடுவது கிரேவாலின் ‘ஹையர் இன்ஜினியரிங் மேத்தமேடிக்ஸ்’. தேர்வுக்கு நல்ல புத்தகம்தான், கணக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்தச் சூத்திரம் ஏன் இப்படி வந்தது என்று கேட்டால் அதிகம் பேசாது. அதற்கு ஜேம்ஸ் ஸ்டீவர்ட் அல்லது தாமஸ் எழுதிய ‘கால்குலஸ்’ வேண்டும். இரண்டும் படம் போட்டு, பொறுமையாக விளக்குபவை. ஸ்பிவாக் எழுதியது கணிதமே முதன்மைப் பாடமாக உள்ளவர்களுக்கு. காசில்லையா? ஓபன்ஸ்டாக்ஸின் 3 தொகுதிகளை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். எம்ஐடியின் கில்பர்ட் ஸ்ட்ராங் அதன் முதன்மை ஆசிரியர்களில் ஒருவர்.

மென்பொருளில் வரைந்து காட்டுபவை வேறு, விடை சொல்பவை வேறு. முதல் வருடத்துக்கு வரைந்து காட்டுபவையே முக்கியம் என்பேன். டெஸ்மாஸ், ஜியோஜீப்ரா இரண்டும் கைபேசியிலேயே ஓடும், மாணவருக்குச் செலவில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். எக்ஸின் வர்க்கத்தால் 1-ஐ வகுத்தால் வரும் சார்பை –1 முதல் 1 வரை தொகையிட வேண்டும். விதிப்படி தொகையிட்டு எல்லைகளைப் போட்டால் –2 வரும். டெஸ்மாஸில் வரையுங்கள்: கோடு முழுக்க அச்சுக்கு மேலேதான் இருக்கிறது, பரப்பு எப்படி மைனஸ் ஆகும்? பூஜ்யத்துக்கு அருகே கோடு எல்லையில்லாமல் மேலே ஏறுகிறது. அங்கே தொடர்ச்சி அறுந்துவிடுவதால் அந்த விதியே செல்லாது. இந்தத் தொகையீட்டுக்கு முடிவான மதிப்பு கிடையாது. வெறும் சூத்திரத்தை நம்பியவர் –2 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பார்.

விடை சொல்பவற்றில் மாக்ஸிமா, சிம்பை இரண்டும் இலவசம். வோல்ஃப்ரம் ஆல்ஃபா விடையைச் சும்மா தரும், முழுப் படிகளுக்குக் கட்டணம் கேட்கும். எதையும் அப்படியே விடைத்தாளில் இறக்கிவிடாதீர்கள். எக்ஸால் 1-ஐ வகுத்துத் தொகையிடச் சொன்னால் மாக்ஸிமாவும் சிம்பையும் லாக் எக்ஸ் என்று மட்டுமே சொல்லும். மட்டுக்குறி, மாறிலி ‘சி’ இரண்டையும் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். முதலில் கையால் போட்டு, வந்த விடையை வகையிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியாக மென்பொருளைக் கேளுங்கள்.

புத்தகம் புதுப் பதிப்பாக இருக்க வேண்டியதில்லை. பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் முந்தைய பதிப்பே போதும். இரண்டாவது புத்தகம் வாங்குமுன் முதல் புத்தகத்தில் ஓர் அத்தியாயத்துப் பயிற்சிகளையாவது முடித்துவிடுங்கள்.