லாக்ல இருக்குற நேரத்தை நம்பலாமா?

இந்த வார எபிசோட்ல ரெப்ளிகேஷன் பத்திப் பேசும்போது ஒரு கதையைப் பாதியிலேயே விட்டுட்டேன். மீதி இங்கே.

நான் முன்னாடி வேலை பார்த்த இடத்துல, ஒரு நாள் காலை 10:04:50-க்கு ஒரு பெரிய டேபிள் மேல டிலீட் ஒண்ணு ஓடுச்சு. முடிய மூணு நிமிஷம் ஆச்சு. முடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சது, அழிஞ்சது தப்பான டேட்டா.

யாரும் பெருசா பதறல. முந்தின ராத்திரி எடுத்த பேக்கப் இருக்கு, மைஎஸ்க்யூஎல்லோட பைனரி லாக் இருக்கு. பேக்கப்பை வேறொரு சர்வர்ல ஏத்தி, டிலீட்டுக்கு முன்னாடி வரைக்கும் லாக்கைத் திரும்ப ஓட்டினா போதும். லாக்ல அந்த டிலீட்டைத் தேடினேன். நேரம் 10:04:50. அந்த நேரத்துல நிறுத்தச் சொல்லி ஓட்டினேன்.

சரிபார்த்தா, மூணு நிமிஷப் பேமெண்ட்களைக் காணோம்! மக்கள் பணம் கட்டிட்டாங்க, ஆனா மீட்டெடுத்த டேட்டாபேஸ்ல அதுக்கு அடையாளமே இல்லை.

என்ன நடந்தது? பைனரி லாக்கில் பரிவர்த்தனைகள் கமிட் ஆகும் வரிசையில் எழுதப்படும். ஆனால் ஒவ்வொன்றின் தலைப்பிலும் இருப்பது அந்தக் கட்டளை *தொடங்கிய* நேரம், அதுவும் நொடிக் கணக்கில்தான். அதனால் 10:05, 10:06, 10:07-க்கு வந்த பேமெண்ட்களெல்லாம் லாக்கில் முதலில் இருந்தன. அவற்றுக்குப் பின்னால், 10:04:50 என்ற பழைய நேரத்தோடு டிலீட் உட்கார்ந்திருந்தது. நான் சொன்ன நேரத்தைத் தாண்டிய முதல் பதிவைப் பார்த்ததுமே கருவி நின்றுவிட்டது. அது செய்தது சரி. நான் கேட்டதுதான் தப்பு.

நல்லவேளை, மூல லாக் பத்திரமா இருந்துச்சு. மறுபடி பேக்கப்பை ஏத்தி, இந்த முறை நேரத்தை விட்டுட்டு லாக்ல டிலீட் இருக்குற இடத்தை, அதாவது பொசிஷனைக் கொடுத்தேன். அதுக்கு முன்னாடி வரைக்கும் ஓட்டி, அதை மட்டும் தாண்டி, மீதியையும் ஓட்டினோம். எல்லாம் வந்துச்சு. ஜிடிஐடி வெச்சிருந்தா, அந்த ஒரு பரிவர்த்தனையோட அடையாள எண்ணைக் கொடுத்தே விலக்கியிருக்கலாம்.

இது ஒரே சர்வர், ஒரே கடிகாரம். பல சர்வர்கள்னா கடிகாரங்களே ஒத்துப்போகாது. லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது: ஒரு செய்தி அனுப்பப்பட்ட பிறகுதான் வந்து சேர முடியும்; அந்த உறவை வைத்தே, கடிகாரம் இல்லாமல், வெறும் எண்ணிக்கையால் வரிசையைக் காக்கலாம். 2012-இல் கூகுள் வெளியிட்ட ஸ்பேனர் கட்டுரை வேறு வழியில் போனது. ஜிபிஎஸ்ஸும் அணுக் கடிகாரங்களும் இருந்தும், அது நேரத்தை ஒற்றைப் புள்ளியாகச் சொல்வதில்லை. "இதற்கும் இதற்கும் இடையில்" என்றுதான் சொல்லும். அந்தச் சந்தேக இடைவெளி கடக்கும்வரை காத்திருந்த பிறகே கமிட்டை வெளியே காட்டும்.

அடுத்த முறை உங்க லாக்கை நேரத்தை வெச்சு வரிசைப்படுத்தும்போது ஒரு கேள்வி கேளுங்க: இது தொடங்கின நேரமா, முடிஞ்ச நேரமா, யாரோட கடிகாரம்? பதில் தெரியலைன்னா, பொசிஷனை நம்புங்க.

உங்களுக்கும் இப்படி ஒரு கதை இருந்தா ரிப்ளை பண்ணுங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்!