கோலார் தங்க வயலில் பாறை வெடிப்பு

கோலார் தங்க வயலைச் சேர்ந்த சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே வெட்டப்பட்டது. அத்துணை ஆழத்தில் மேலுள்ள பாறையின் பளு மிகப் பெரிது. தாதுவை வெட்டி எடுக்குந்தோறும் அப்பளு எஞ்சிய பாறையின்மீது சாய்கிறது; தாங்கும் எல்லை கடந்ததும் பாறை திடீரெனச் சிதறுகிறது. இதுவே பாறை வெடிப்பு. இவ்வதிர்ச்சி நிலமட்டத்தை எட்டிக் கட்டடங்களையும் சேதப்படுத்தியதுண்டு.

வெடிப்பு நிகழும் நேரத்தை முன்னறிந்து கூற இயலாது. ஆகவே முன்னேற்பாடே காப்பு. வெட்டிய வெற்றிடத்தை மரத்தால் தாங்கும் முறை மாறி, கருங்கல்லை அடுக்கித் தாங்கும் முறை வந்தது. அதிர்வுகளை அறிய 1912ஆம் ஆண்டிலேயே பூகம்பமானி நிறுவப்பட்டது. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிலையம் இங்குத் தோன்றியது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரிறைப்பு நின்றமையால் அவற்றில் நீர் நிறைந்தது. பிளவுகளிற் புகும் நீர் பாறையின் பிடிப்பைத் தளர்த்தும். எனவே மூடிய பின்னரும் அதிர்வுகள் பதிவாயின. முன்னர்ச் சுரங்க நிர்வாகம் மேற்கொண்ட பாதுகாப்புப் பணி, இப்பொழுது நகரசபையையும் மாவட்ட நிர்வாகத்தையும் சார்ந்துள்ளது.

அதிர்வின்போது உறுதியான மேசையின்கீழ்த் தலையைக் காத்தல், நின்றதும் வரிசையாகத் திறந்த வெளிக்கு வருதல், கைவிடப்பட்ட சுரங்க வாய்களை அணுகாதிருத்தல் ஆகியவற்றை ஆசிரியர்கள் மாணவர்க்குப் பழக்குதல் நலம். கள ஊழியர்கள் சுவர் விரிசலின் முனைகளில் தேதியுடன் கோடிட்டு, மாதந்தோறும் அளந்து பதிவேட்டில் எழுதுவாராக. விரிசல் வளர்வது தெரிந்தால், சுவர் விழுமுன் குடியிருப்போரை அகற்றலாம்.